கோலத்தில் விழுந்த இரண்டு தடம்

பழைய ரேஸ் வண்டி ஒன்று வாங்கப் போகிறோம், கூட வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் உங்களை வண்டி பார்க்கக் கூப்பிடவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூப்பிடுகிறார்கள். வாங்குவது என்று மனசுக்குள் எப்போதோ முடிவாகியிருக்கும். நீங்கள் டீயைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினால் போதும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளில் பலர் ஸ்பானர் பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிற்றெரிச்சலும் பட்டிருக்கிறேன். ஆனால் நாலு பேர் நடுவே தலையை ஆட்டாமல் நிற்பதற்கு ஸ்பானர் உதவாது. நான் பேச வந்தது அதைப் பற்றி.

வண்டி பார்க்கும் முறையை விலாவாரியாகச் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். போன உடனே எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதை எழுப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறும் வரை உட்காருங்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் அதன் உண்மையான உடம்பு. டாங்கின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அது விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்புவது. ஹேண்டில் நுனி, கால் வைக்கும் கம்பியின் நுனி, பிரேக் லீவரின் நுனி, இவற்றைப் பாருங்கள். வண்டி சாயும்போது தரையில் தேய்வது இவைதான். சாதாரண வண்டி என்றால், ஓட்டினவர் பத்திரமாக ஓட்டியிருப்பார் என்று நம்ப இடம் உண்டு. வேகத்துக்கென்று செய்த வண்டியைப் பத்திரமாக ஓட்டுவதற்காக எவனும் வாங்குவதில்லை. அதனால் வண்டி விழுந்ததா என்று கேட்காதீர்கள். எங்கே விழுந்தது என்று கேளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று, வண்டிப் பூஜைக்குப் பூ வாங்குவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வல்லத்தில் நடந்த ஒரு பூஜை.

அறுபதுகளில் செஞ்சியில் எனக்குத் திண்டிவனம் ரோட்டில் ஒரு பட்டறை இருந்தது. கீற்றுக் கொட்டகைதான். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரே டீக்கடையில் உட்காரவைத்துவிடலாம், அவ்வளவுதான் கூட்டம். மற்ற நேரமெல்லாம் கிணற்றடி ஆயில் எஞ்சின் வேலை. வெளிநாட்டு வண்டி புதிதாக வருவது நின்றுபோன காலம் அது. வேகமாக ஓடுகிற வண்டி வேண்டும் என்றால், எவனோ ஓட்டி முடித்ததைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமமான வல்லத்தில் ஏழுமலை என்று ஒரு வாலிபன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். அவன் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம், கிணற்றில் எஞ்சின், நாலு பேர் மதிக்கும் குடும்பம். அந்த எஞ்சினுக்கு நான்தான் வைத்தியன். அப்படிப் பழக்கமாகி, ஏழுமலை செஞ்சிக்கு வந்தால் என் பட்டறையில் வந்து நிற்காமல் போகமாட்டான். பழுது பார்த்து முடித்த வண்டிகளைக் கோட்டை வாசல் வரை ஓட்டிப் பார்த்துவர அவனைத்தான் அனுப்புவேன். திரும்பி வந்து, "பாய், மூணாவது கியர்ல ஒரு முனகல் கேக்குது" என்பான். பிரித்துப் பார்த்தால் அங்கே ஏதாவது இருக்கும். அவன் அளவுக்கு வண்டி ஓட்டத் தெரிந்த ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

மெட்ராசுக்கு அந்தப் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் வருஷத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். ஏழுமலை ஒரு முறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. களை எடுக்கும்போதும் அதே பேச்சு, கலப்பை பிடிக்கும்போதும் அதே பேச்சு. அவன் நைனா முதலில் திட்டினார், பிறகு பேசாமல் இருந்தார், கடைசியில் ஒரு அறுவடை முடிந்த கையோடு இறங்கி வந்தார்.

"ஒரு வண்டி. ஒரு தபா. அதுவும் நாள் பாத்துதான் வூட்டுக்கு வரணும். அதுல எதுனா தடங்கல் வந்துச்சுன்னா, அப்புறம் இந்த வூட்ல ரேஸுன்ற பேச்சே இருக்கக் கூடாது" என்றார் அவனிடம். இதை ஏழுமலையே என்னிடம் வந்து சொன்னான். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. தடங்கல் என்ற வார்த்தை அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வண்டி கிடைத்தது பாண்டிச்சேரியில். பிரான்சுக்குக் குடிபோகத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் விற்கிறார் என்று தெரிந்து, ஏழுமலை போய்ப் பார்த்துப் பேசி முடித்துவிட்டான். இரட்டை சிலிண்டர், தாழ்ந்த ஹேண்டில், சிவப்பு டாங்க். என்னைக் கூட்டிப்போகவில்லை. ஏனென்று கேட்டேன். "நீ வந்தா இல்லாத கொறையெல்லாம் கண்டுபுடிப்பே. வெள்ளிக்கிழம அவரே வண்டிய வூட்டுக்கு ஓட்டினு வர்றாரு. அங்க வந்து பாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை நான் வல்லம் போனபோது, அவர்கள் வீட்டு வாசலில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. சாணம் தெளித்து, மாக்கோலம் போட்டு, கோலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். டாங்கில் சந்தனம், ஹேண்டிலில் கதம்ப மாலை. அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க அங்கே. நான் பழக்கதோஷத்தில் எஞ்சின் மேல் கையை வைத்தேன். சுட்டது. பாண்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வண்டி, சுடாமல் என்ன செய்யும்?

"பெரியவரே, கொஞ்சம் ஆறட்டும். பொறுமையா பாத்துட்டு அப்புறம் பூஜைய வெச்சிக்கலாம்" என்றேன் ஏழுமலையின் நைனாவிடம்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும் பாய். பூஜை முடிச்சிட்டு நீ எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாரு. வண்டி எங்க ஓடிப்பூடப் போவுது?"

இந்தத் தப்பை நம் ஊர்ப் பக்கத்தில்தான் செய்வார்கள். வண்டி நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால் நேரம் நல்லதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக் காபி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் நேரம் காத்திருக்காது. அது அவர்கள் நம்பிக்கை, நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் பட்டறை திறந்த அன்று நல்ல நேரம் பார்த்துப் பாத்திஹா ஓதினார்கள். ஆனால் மாலை விழுந்த வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது என்பதை விற்பவர்களும் அறிவார்கள். நீங்களும் அறிந்து வைத்திருங்கள்.

ஏழுமலையின் அத்தைதான் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான். எதையும் சுத்தமாகச் செய்கிறவர். முன் சக்கரத்துக்கு அடியில் ஒன்று வைத்தார். இன்னொன்றைப் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், முதல் பழத்துக்கு நேர்கோட்டில் வரும்படி கண்ணை இடுக்கிப் பார்த்து வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். ஏழுமலை ஹேண்டிலைப் பிடித்து, நேராகப் பார்த்துக்கொண்டு, வண்டியைக் கோலத்தின் மேல் மெதுவாகத் தள்ளினான்.

முன் சக்கரம் முதல் பழத்தை நசுக்கியது. பின் சக்கரம் இரண்டாவது பழத்தின் ஓரத்தை மட்டும் தொட்டது. பழம் வழுக்கி, முழுசாக உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது.

ஏழுமலையின் நைனா கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஒரு பெண், "ஐயோ, அம்மா" என்றாள்.

எல்லோரும் வாய்க்காலைப் பார்த்தார்கள். நான் கோலத்தைப் பார்த்தேன். ஈரத் தரையில், வெள்ளை மாவின் நடுவே, முன் சக்கரம் போன தடம் ஒன்று. அதற்கு வலது பக்கம் இரண்டு விரல் தள்ளிப் பின் சக்கரம் போன தடம் ஒன்று. நேராகத் தள்ளின வண்டி ஒரே தடம்தான் போட வேண்டும். பின் சக்கரம் முன் சக்கரத்தின் பின்னாலேயே வரவேண்டும். இது பக்கத்தில் தனியாக நடந்து வந்திருந்தது.

குனிந்து, ஹேண்டில் தண்டு வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில், மாலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். பெயின்ட் அங்கே மட்டும் புதுசு. விரலால் தடவினேன். குழாயில் லேசாக ஒரு மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம். அடிபட்டு மடங்கினதைச் சூடுகாட்டி நிமிர்த்தியிருந்தார்கள்.

அதற்குள் அத்தை சுதாரித்துக்கொண்டார். "ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. வர்ற அமாவாசைக்கு வண்டிய மேல்மலையனூர் எடுத்துனு போயி அங்காளம்மாவுக்கு ஒரு பூஜ போட்டுட்டு, பூசணிக்கா ஒடச்சிட்டா சரியாப்பூடும். இன்னா சொல்ற?" என்றார் தன் தம்பியான நைனாவிடம்.

நைனா கண்ணைத் திறந்தார். தலையை ஆட்டினார். கூட்டத்துக்கு மறுபடி மூச்சு வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தம்பிகளே, அந்த நேரத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம் முன்பு எனக்கு ஒரு ஆசை வந்தது, உண்மை. சகுனம் சரியில்லை என்று அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நாம் வாயைத் திறக்காமலே வேலை முடிந்துவிடும் என்று. அப்படியே முடிந்திருந்தால் எனக்குப் பொல்லாப்பில்லை, ஏழுமலையும் என்னிடம் கோபப்பட முடியாது. ஆனால் சகுனத்துக்குப் பரிகாரம் உண்டு. அமாவாசைக்குப் போய் வந்தால் அது சரியாகிவிடும். மடங்கின சட்டத்துக்குப் பரிகாரம் கிடையாது. நான் சும்மா இருந்தால் அவன் பூசணிக்காய் உடைத்துவிட்டு அதே வண்டியில் பந்தயத்துக்குப் போவான். போகிறவன் என் ஏழுமலை. முறுக்கினால் கையைத் தளர்த்தத் தெரியாதவன்.

இன்னொரு பக்கம், அவர்கள் வீட்டுப் பூஜை. நடுவில் நிற்கும் நான் வேறு மதத்துக்காரன். மாலை போட்ட வண்டியை மட்டம் என்று சொன்னால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. அந்தக் குடும்பத்து எஞ்சின் வேலையும் போகும், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வேலையும் போகும். பயமாகத்தான் இருந்தது.

"பெரியவரே, இது சகுனம் இல்ல. வண்டி கோணலா இருக்குது" என்றேன்.

"பாய், சும்மா இரு" என்றான் ஏழுமலை. சிரிப்பு போய்விட்டது.

"பழம் தப்பா போவல. அக்கா சரியாத்தான் வெச்சாங்க. சக்கரந்தான் தப்பா போச்சு. கோலத்தப் பாருங்க."

யாரும் நகரவில்லை. அத்தைதான் முதலில் குனிந்து பார்த்தார். தான் வைத்த பழத்தில் பிசகில்லை என்றது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "ஆமா, ரெண்டா இருக்குது" என்றார்.

பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் நூலை வாங்கிவரச் சொன்னேன். பின் சக்கரத்தின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் தொடும்படி நூலை இழுத்துப் பிடித்து, முன் சக்கரம் வரை நீட்டினேன். முன்னால் நூலுக்கும் டயருக்கும் நடுவே என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அந்தப் பக்கமும் பிடித்துக் காட்டினேன். அங்கே நூல் முன் டயரில் இடித்துக்கொண்டு வளைந்தது. இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. சுவர் கட்டப் பார்த்திருந்தால் போதும்.

ஏழுமலையின் நைனா பாண்டிச்சேரிக்காரர் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் அதுவரை ஓரமாக, கையில் தொப்பியோடு நின்றிருந்தார். மரியாதைப்பட்டவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

"வண்டி எங்க வுழுந்துச்சுங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"மரக்காணம் ரோட்டுல. மாட்டு வண்டி குறுக்க வந்துடுச்சி. நல்ல பட்டறையிலதான் குடுத்து நிமித்தினேன்" என்றார் உடனே. பிறகு, "தம்பி கேக்கல. கேட்டிருந்தா சொல்லி இருப்பேன்" என்றார்.

அவர் சொன்னதும் உண்மைதான். ஏழுமலை எப்படிக் கேட்பான்? கேட்டால் பதில் வந்துவிடுமே.

"நானு பாண்டியில அத ஓட்டிப் பாத்தேன் பாய். நல்லா போச்சு. ஒரு ஆட்டம் இல்ல" என்றான் ஏழுமலை.

"நம்ம ரோட்டுல போவும். உன் ஒடம்பே அதுக்கு ஏத்த மாதிரி சாஞ்சிக்கும். ரேஸ்ல முழுசா முறுக்கிட்டு, வளைவுக்கு முன்னாடி பிரேக் புடிப்பே பாரு, அப்ப ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். உன்னால நிறுத்த முடியாது. சூடு காட்டின எடம் எப்ப வுட்டுப்பூடும்னு எனக்கும் தெரியாது."

"மறுபடியும் நிமித்த முடியாதா?"

"நிமித்தினதுதான் ஏழுமல இது."

ஏழுமலையின் நைனா வண்டியருகே போய், ஹேண்டிலில் இருந்த மாலையைத் தானே கழற்றினார். பிறகு வாசலோரம் நின்ற மாட்டு வண்டியின் நுகத்தடியில் அதைப் போட்டார். பாண்டிச்சேரிக்காரரை உட்காரவைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொன்னார். சொன்ன சொல்லுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு. தடங்கல் வந்துவிட்டது, ரேஸ் பேச்சு முடிந்துவிட்டது. ஏழுமலை எவ்வளவு அழுதும் அவர் மாறவில்லை.

நான் கிளம்பும்போது ஏழுமலை தெருமுனை வரை வந்தான்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அமாவாசைக்குப் போய் வந்திருப்போம் பாய்."

"அமாவாசைக்குப் போய் வந்திருப்பே. ரேஸுக்குப் போய் வந்திருக்க மாட்டே."

"அது உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்க்க நடந்தான்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். அந்த வண்டி அப்புறம் என்ன ஆயிற்று? வேறு யாராவது வாங்கி விழுந்தார்களா? தெரியாது. பாண்டிச்சேரிக்காரர் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ அதை ஓட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான் தெரியும். அந்த வண்டி எங்கேயோ யாரையோ கொன்றது என்று முடிந்தால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். அப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்காது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லித் தடுத்தது நடக்காமலே போய்விடும். நடக்காததை எவரிடமும் காட்ட முடியாது. திட்டு மட்டும் பாக்கி இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவர்கள் வீட்டு எஞ்சின் வேலை போகும் என்று பயந்தேன், போகவில்லை. பெரியவர் கடைசி வரை என்னைத்தான் கூப்பிட்டார். போனது ஏழுமலை. என் பட்டறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அவன் கல்யாணத்துக்குப் பெரியவர் சொல்லி அனுப்பிப் போனேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் எனக்கு வணக்கம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்க வேறு ஆட்களை அனுப்பினேன். மூன்றாவது கியர் முனகலைக் கண்டுபிடிக்கும் காது அவர்களுக்கு இல்லை. சில நாள் வேலை முடிந்த வண்டியை நிறுத்திவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வருவான் என்று இல்லை. அவன் இல்லாதது கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அதன் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும், பூ வாங்கிவிட்டீர்களா என்று கேட்பேன். வாங்கிவிட்டோம் என்றால் போகமாட்டேன். சில பேர் கோபித்துக்கொண்டார்கள். போகட்டும்.

பட்டறையை மகனிடம் விட்ட பிறகு, ஒரு அமாவாசை அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு வேலையாக நின்றிருந்தேன். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பாய்! இன்னும் சொல்றேன், அந்த வண்டி நல்லாத்தான் ஓடி இருக்கும்."

ஏழுமலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நலமா என்று கேட்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்பு தெருமுனையில் விட்ட இடத்திலிருந்து அப்படியே ஆரம்பித்தான்.

"ஓடி இருக்கும்" என்றேன் நான்.

"அப்புறம் ஏன்யா கெடுத்தே? முதல் பரிசு வாங்கி இருப்பேன். உன்னாலதான் நானு மல்லாட்ட ஆஞ்சினு கெடக்கறேன். எல்லாம் உன்னாலதான்."

கை நீட்டி நீட்டிப் பேசினான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் இருந்த பிள்ளை அவன் முடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது; அவன் அதைக்கூடக் கவனிக்காமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்த முடி முழுக்க வெளுத்திருந்தது. பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவன் முன்னால் அப்படியே நின்றேன்.